வடிகட்டியில் வெள்ளை உரோமம்

அத்தியாயம் பதினொன்று

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. ஏ.சி. மெக்கானிக் தம் வீட்டுப் பால்கனியில் குத்துக்காலிட்டு அமர்ந்து, ஒரு பிளாஸ்டிக் வாளியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார்.

வாளியைப் பற்றிச் சொல்வதற்கு முன் நாயைப் பற்றிச் சொல்லவேண்டும். இத்தனை வாரங்களாக உடன் வருகிறவர்கள் பொறுத்துக்கொள்க. இன்றுதான் வந்து சேர்ந்தவர்களும் உண்டல்லவா?

அந்த வீட்டில் துரை என்றொரு நாய் இருக்கிறது. சமோயெட் என்னும் இனம். பனிப்பாலையில் சறுக்குவண்டி இழுப்பதற்கென்றே பிறந்த பிராணி. வெண்பஞ்சுப் பொதிக்கு நான்கு கால் முளைத்து, அது ஓயாமல் சிரித்துக்கொண்டும் இருந்தால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும். தார் உருகும் வெயிலில், மூன்றாம் மாடி வீட்டில், இரண்டடுக்கு உரோமத்தோடு அதை வளர்ப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டால், அங்கே ஒருவரிடமும் பதில் கிடையாது. மெக்கானிக்கின் மனைவிக்கு ஒரு தம்பி. சாமான் வண்டி ஓட்டுபவன். ஒன்றரை ஆண்டுக்கு முன் அவன்தான் அதைக் கயிற்றில் கட்டி அழைத்து வந்தான். "வெளிநாடு போறவங்க குடுத்துட்டுப் போனாங்க அத்தான். ஃபோட்டோவுல எப்படி இருக்கும் தெரியுமா?" என்றான். படம் எடுத்துக்கொண்டு அவன் போய்விட்டான், நாய் தங்கிவிட்டது. ஒரு படத்துக்காக ஓர் உயிரை வீட்டுக்குள் கொண்டுவருகிற இத்தகைய மனிதர்களுக்கு என்ன தண்டனை தரலாம் என்று சட்டம் எழுதுவோர் ஒருநாளாவது யோசிக்கவேண்டும்.

முதல் வாரம் மெக்கானிக் அதை முறைத்தார். இரண்டாம் வாரம் அதற்கென்று ஓர் அறையில் ஏ.சி. பொருத்தினார். மூன்றாம் மாதம், "வெயில் காலத்துல மொட்டை அடிச்சு விட்டா குளிர்ச்சியா இருக்குமே" என்ற பக்கத்து வீட்டுக்காரரிடம், அந்த உரோமமே வெயிலைத் தடுக்கும் குடை என்று ஒரு மணி நேரம் விளக்கி, அவரோடு பேச்சு வார்த்தையையே முறித்துக்கொண்டார். இன்று அந்த வீட்டில் அவர் பேச்சைக் கேட்டு வாலாட்டுகிற ஒரே ஜீவன் துரைதான்.

ஒரே குறை, தனிமையில் விட்டால் அது ஊளையிடும். பகலில் மெக்கானிக்கும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவார்கள். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான அவருடைய அப்பா தம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குவார். நண்பகலானால் துரை மோவாயை உயர்த்திப் பாட ஆரம்பித்துவிடும். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஒரு மாதம் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் இன்னொரு புகார் வந்தால் நாய் வெளியேறவேண்டும். தவணை ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது.

இனி, வாளி.

துரையின் அறை ஏ.சி. தினமும் பதினொரு மணிக்குத் தானாக ஓடத் தொடங்கி நான்கு மணிக்கு நிற்கும். அதிலிருந்து சொட்டும் நீர் இந்த வாளியில் சேரும். ஐந்து மணி நேரம் ஓடினால் வாளி கழுத்துவரை நிரம்பும். மெக்கானிக் அதன் பக்கவாட்டில் பேனாவால் நாள்தோறும் ஒரு கோடு போட்டுவந்தார். மூன்று வாரமாகச் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் உரிய கோடுகள் மட்டும் அடிமட்டத்தில் கிடந்தன.

"வாளியோட என்னங்க பேச்சு? டீ ஆறிப் போச்சு" என்றாள் மனைவி. கண்ணாடிக் கடையின் கறுப்புச் சீருடையில், நாயின் உரோமத்தை ஒட்டு நாடாவால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இதைப் பாரு. வாரத்துல ரெண்டு நாள் யாரோ ஏ.சி.யை நிறுத்துறாங்க."

"காத்துல ஈரம் இருந்திருக்காது."

"செவ்வாய், வெள்ளின்னு நாள் பார்த்தா ஈரம் லீவு போடும்? எனக்கே ஏ.சி. பாடம் எடுக்காத."

"நான் எதுக்கு எடுக்கணும்? என் சீருடையைப் பார்த்து, வீட்டுல பனி பெய்யுதான்னு கேக்குறாங்க கடையில. எனக்கு அந்தப் பாடே போதும்."

மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துப் பிரித்தார். உள்ளே விரலளவு நீல நூல்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் துரையோட கழுத்து முடியில இருந்துச்சு. நம்ம வீட்டுல நீல நூல் இருக்கா?"

"ஐயோ, தடயம் வேற எடுத்து வெச்சிருக்கீங்களா?" என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"அப்பா மூணு வாரமா துரையைப் பத்தி ஒரு வார்த்தை திட்டல. கவனிச்சியா?"

"மாமா வாயைத் திறந்தாலும் குத்தம், மூடினாலும் குத்தமா? சந்தோஷமா இருங்களேன்."

எப்படிச் சந்தோஷப்படுவது? ஒன்றரை ஆண்டாக அந்த நாயை 'ஜந்து' என்றல்லாமல் வேறு பெயரால் அழைக்காதவர் அப்பா. "ஒண்ணு அந்த ஜந்து இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொல்லாத நாளில்லை. அப்படிப்பட்டவர் திடீரென்று அமைதியாகிவிட்டார் என்றால், நாயை அனுப்ப எங்கோ ஏற்பாடு செய்துவிட்டார் என்றுதானே பொருள்? ஆள் பார்த்தாயிற்று. வாரம் இரண்டு நாள் கொண்டுபோய்ப் பழக்கிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை தவணை முடியும்போது, 'போயிடுச்சுப்பா' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

கூடத்தில் அப்பா செய்தித்தாளில் முகத்தைப் புதைத்திருந்தார்.

"அப்பா, மத்தியானம் துரை ஊளையிடுதா?"

அப்பா பதில் சொல்வதற்கு முன் வலப்பக்கம் ஒருமுறை பார்த்தார். முப்பது ஆண்டு பேருந்தின் கண்ணாடியைப் பார்த்துப் பழகிய கழுத்து. தடுமாறும்போதெல்லாம் தானாகத் திரும்பிவிடும்.

"எனக்கென்னடா தெரியும்? நான் தூங்குறவன். அந்த ஜந்துவுக்குக் காவலா இருக்கேன்?"

"ஏ.சி.யை யாராவது நிறுத்துறாங்களா?"

"உன் ஏ.சி.யை நீயே கேளு." இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினார்.

துரை இருவருக்கும் நடுவில் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தது. அந்த இனத்தின் முகவெட்டே அப்படி, துக்கத்திலும் சிரிக்கும். ஆகவே அதனிடம் சாட்சியம் வாங்க முடியாது.

படியிறங்கும்போது செயலாளர் எதிர்ப்பட்டார். "பரவாயில்லையே மெக்கானிக் சார்! இந்த வாரம் செவ்வாய்க்கிழமை சத்தமே இல்ல. உள்ளே நாய் இருக்கான்னே சந்தேகம் வந்துடுச்சு எனக்கு."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். மெக்கானிக் அதையும் தடயங்களோடு சேர்த்துக்கொண்டார்.

பத்தரை மணிக்கு ஓர் அழைப்பு வந்தது. பெண்குரல். சந்தை முனையில், நூல் கடைக்கு மேல்மாடியில் தையல் வேலை செய்பவராம். ஏ.சி.யிலிருந்து நீர் கொட்டி, தைத்துவைத்த துணியெல்லாம் நனைகிறதாம். "எப்படியாவது பன்னெண்டு மணிக்குள்ள சரி பண்ணிடுங்க தம்பி. அப்புறம் ஒருத்தன் வருவான். அவனுக்கு ஏ.சி. இல்லாம ஆகாது." அந்த வட்டாரத்தில் ஏ.சி. பழுதென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் போனார்.

அறை சிறியது. இரண்டு தையல் இயந்திரங்கள், கம்பியில் வரிசையாகத் தொங்கும் உடுப்புகள். ஒவ்வொன்றும் கண்ணாடித் தாளுக்குள் மூடப்பட்டிருந்தது. தையல்கார அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா, காதோரம் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டி.

மெக்கானிக்கின் பார்வை மூலையில் நின்றது. அகலமான ஒரு எவர்சில்வர் பாத்திரம், அதில் தண்ணீர். மனிதர்கள் தரையில் வைத்துத் தண்ணீர் குடிப்பதில்லை.

முக்காலியில் ஏறி ஏ.சி.யின் முகப்பைத் திறந்தார். உள்ளே குழாய்களில் பனிக்கட்டி பிடித்திருந்தது. காற்றுப் போக வழியில்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். வடிகட்டி வலையை உருவினார்.

வலை தெரியவில்லை. அதன்மேல் ஒரு வெள்ளைக் கம்பளியே நெய்திருந்தது.

அவர் ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் உருட்டினார். அடியில் பஞ்சுபோல் மெத்தென்ற உரோமம். அதனூடே நுனி வெள்ளியாய் மின்னும் நீள இழைகள். ஒன்றரை ஆண்டாக ஞாயிறுதோறும் சீப்பில் வாரி, தம் வீட்டு வடிகட்டியில் தட்டி, தேநீரிலும் கண்டெடுக்கிற உரோமம். ஊரில் ஆயிரம் நாய் இருக்கலாம். இந்த உரோமம் ஒன்றுக்குத்தான் உண்டு.

அந்தச் சிட்டிகையையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வீட்டுல நாய் இருக்காம்மா?" குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டார்.

"இல்லையே."

"இவ்ளோ முடி இருக்கே."

தையல்கார அம்மா கத்தரிக்கோலை நிறுத்தினார். "விருந்தாளி ஒண்ணு வரும்."

"எந்தெந்த நாள்?"

"ஏ.சி. ரிப்பேருக்கு அதெல்லாம் எதுக்குத் தம்பி?"

"எத்தனை நாளுக்கு ஒருக்கா ஃபில்டர் கழுவணும்னு சொல்லணும்ல?"

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "செவ்வாய், வெள்ளி."

இயந்திரத்தின் தலையில் செருகியிருந்த நூற்கண்டு நீலம். மெக்கானிக் தம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"யாரு கூட்டிட்டு வர்றாங்க?"

"ஒரு பெரியவர். பஸ் ஓட்டினவராம். தங்கமான மனுஷன். அதோட வாயைத் துடைச்சு விடுவார், காதுல ஏதோ ரகசியம் சொல்லுவார். பெத்த பிள்ளையைக்கூட அப்படிக் கொஞ்சியிருப்பாரோ என்னவோ."

பெற்ற பிள்ளை முக்காலியின் மேல் வடிகட்டியைப் பிடித்தபடி நின்றது. ஜந்து என்று திட்டுபவர் இங்கே வந்து கொஞ்சுகிறாராமே! எதற்கு இந்த நடிப்பு? விலை படியவேண்டும் என்றா?

"அப்போ விலைக்கு வாங்கப் போறீங்களா?" கேட்டே விட்டார்.

"விலைக்கா?" அந்த அம்மாவின் முகம் இறுகியது. "என் நாயை நானே எதுக்குத் தம்பி விலைக்கு வாங்கணும்?"

அவர் மேலே கேட்பதற்குள் படியில் நகங்கள் தடதடத்தன. கதவு முட்டித் திறந்தது. துரை முதலிலும், கயிற்றைப் பிடித்தபடி அப்பா அதன் பின்னாலும், செருப்பொன்று படியிலேயே கழன்று விழ, உள்ளே வந்து சேர்ந்தார்கள்.

"வாடா என் கம்பளி!" என்றார் தையல்கார அம்மா.

துரை அந்தப் பெயருக்கு வாலாட்டியது. மெக்கானிக் அதை முதலில் பார்த்தார். அப்பாவை அதற்குப் பிறகுதான் பார்த்தார்.

"நீ எங்கடா இங்க?" என்றார் அப்பா.

"நான் வேலைக்கு வந்தேன். நீங்க?"

அப்பாவின் கழுத்து வலப்பக்கம் திரும்பியது. மகனுடைய தொழில் என்னவென்று தையல்கார அம்மாவிடம் அவர் மூச்சுவிட்டதில்லை. குறைவாகப் பேசினால் இரகசியம் தங்கும் என்று நினைத்திருந்தார். ஆனால் அங்கே ஏ.சி. பழுதானால் தம் மகனைத்தான் கூப்பிடுவார்கள் என்பதை யோசிக்கத் தவறிவிட்டார்.

"இவர்தான் உங்க மகனா?" தையல்கார அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தெரிஞ்சிருந்தா நேராவே பேசியிருப்பேனே! உக்காருங்க தம்பி. பெரியவரே, நீங்களே சொல்லுங்க."

அப்பா நாற்காலியில் சாய்ந்தார்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு நாள் மத்தியானம் இது ஊளையிட ஆரம்பிச்சுது. செயலாளர் மேல வர்றதுக்குள்ள கீழ கூட்டிட்டுப் போயிடலாம்னு கயித்தைப் பிடிச்சேன். அவ்ளோதான். தெருமுனை, பாலம், சந்தைன்னு மோப்பம் பிடிச்சு என்னை இழுத்துட்டே வந்துடுச்சு. முப்பது வருஷம் பஸ்ஸை நிறுத்தினவன்டா நான். இந்த ஜந்துவை நிறுத்த முடியல. நூல் கடை வாசல்ல இந்த அம்மா நின்னுட்டிருந்தாங்க. அவங்க மேல ரெண்டு காலையும் போட்டு நின்னு அழுதுச்சுடா. நாய் அழுது நான் பார்த்ததில்ல."

"நானும் அழுதேன்" என்றார் அந்த அம்மா. "ஏழு மாசக் குட்டியில தொலைச்சது. அன்னிக்கே கூட்டிட்டு வந்திருப்பேன். இவர் அந்தக் கடைப் படியில உக்கார்ந்து, என் மகன் தாங்க மாட்டான்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினார். மழையில நனைஞ்சு கிடந்ததைக் கண்டெடுத்துக் காப்பாத்தினவங்க. உங்ககிட்ட எப்படிப் பிடுங்குறது? வாரத்துல ரெண்டு நாள் எனக்குக் காட்டுங்க, போதும்னு ஒத்துக்கிட்டேன்."

மழையா? கண்டெடுத்தார்களா? மெக்கானிக் அப்பாவைப் பார்த்தார். அப்பா துரையின் காதைப் பார்த்தார்.

"எப்படிம்மா தொலைஞ்சது?" என்றார் மெக்கானிக்.

"ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி, இந்த வீட்டுக்கு மாறி வந்த அன்னிக்கு. சாமானெல்லாம் ஏத்தி முடிச்சுத் திரும்பினா இவனைக் காணோம். வண்டி ஓட்டி வந்த பையன் பாவம், என்கூடத் தெருத் தெருவா வந்து தேடினான். எனக்குத் தண்ணி வாங்கிக் குடுத்து, அழாதீங்கம்மான்னு ஆறுதல் சொன்னான். இருங்க, இவனோட ஊசி போட்ட புத்தகம் இருக்கு, காட்டுறேன்." அவர் உள்ளறைக்குப் போனார்.

சாமான் வண்டி. வீடு மாற்றிய நாள். ஒன்றரை ஆண்டு.

மெக்கானிக் முக்காலியிலிருந்து இறங்கினார். "அப்பா, எதுக்குப் பொய் சொன்னீங்க?" என்றார் மெல்ல.

"சத்தம் போடாத. வண்டிக்காரன்னு அந்த அம்மா சொன்ன உடனேயே எனக்கு விளங்கிடுச்சு. 'திருடினவன் மட்டும் கைக்குக் கிடைச்சா போலீசோட வருவேன்'னாங்க. உண்மையைச் சொன்னா நாயும் போகும், உன் மச்சானும் உள்ள போவான். அப்புறம் உன் பொண்டாட்டி முகத்துல நீ எப்படி முழிப்ப? அதான் நானே கண்டெடுத்தேன்னு சொல்லிட்டேன்."

காலையிலிருந்து இந்த மனிதரைத்தான் சந்தேகப்பட்டோமா என்று மெக்கானிக்குக்குக் கூசியது. அதே சமயம் ஆத்திரமும் வந்தது. தொலைத்தவளோடு சேர்ந்து தேடினானாம்! ஆறுதல் சொன்னானாம்! திருடுவது ஒரு குற்றம் என்றால், திருடியவனே வந்து கண்ணீர் துடைத்துவிடுவதற்கு அகராதியில் பெயரே இல்லை.

தையல்கார அம்மா புத்தகத்தோடு வந்தார். முதல் பக்கத்தில் 'கம்பளி' என்று எழுதி, பக்கத்திலேயே ஒரு படம் ஒட்டியிருந்தது. அதே சிரிப்பு.

அப்போது மெக்கானிக்கின் கைப்பேசி ஒலித்தது. கையெல்லாம் ஈரமும் உரோமமுமாக இருந்ததால், மேசைமேல் வைத்து, விரல் முட்டியால் ஒலிபெருக்கியைத் தட்டினார். ஏ.சி. மெக்கானிக்குகள் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள். அந்தப் பழக்கம் இன்று வினையாயிற்று.

"என்னங்க, மாமா ஃபோனை எடுக்கவே மாட்டேங்குறார்" என்றது மனைவியின் குரல், அறை முழுவதும். "ஒரு மணிக்கு என் தம்பி வீட்டுக்கு வர்றானாம். கதவைத் திறந்து வைக்கச் சொல்லணும். இன்னிக்கு யாருக்கோ வீடு மாத்துற சவாரியாம். வண்டியில ஒரு குட்டி வெச்சிருக்கானாம்ங்க, துரை மாதிரியே வெள்ளையா! துரைக்கு ஜோடியா இருக்கட்டும்னு கொண்டு வர்றான். இதுவும் வெளிநாடு போறவங்க குடுத்ததாம். என்னங்க? கேக்குதா?"

"கேக்குது" என்றார் மெக்கானிக். அவசரமாக அழைப்பைத் துண்டித்தார். திரையில் ஈரத்தோடு ஒரு வெள்ளை உரோமம் ஒட்டிக்கொண்டது.

தையல்கார அம்மா புத்தகத்தை மூடினார். கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்து, நிதானமாகச் சுருட்டி மேசைமேல் வைத்தார்.

"உங்க மச்சான் வண்டி ஓட்டுறவரா, தம்பி?"

அப்பா முந்திக்கொண்டார். "அவன் வேற... அது வேற வண்டிம்மா..." கழுத்து வலப்பக்கம் திரும்பியது. அங்கே சுவர்தான் இருந்தது.

"பெரியவரே, நான் அவரைக் கேட்டேன். உங்க மச்சானோட வண்டி நீல வண்டியா, தம்பி? முன் கண்ணாடியில ஓரமா ஒரு விரிசல் இருக்குமா?"

'இல்லை' என்ற ஒரு சொல் போதும். துரை வீட்டிலேயே இருக்கும். மனைவிக்கு ஒன்றும் தெரியவேண்டாம். செவ்வாயும் வெள்ளியும் வாளி நிரம்பாமல் போகட்டும், அவ்வளவுதானே? மெக்கானிக் துரையைப் பார்த்தார். அது அவருடைய செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது.

இந்த நேரத்தில் எங்கோ ஒரு காலி வீட்டு வாசலில் யாரோ நின்று, ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பக்கத்திலேயே மைத்துனன் நின்று, 'அழாதீங்க' என்று தண்ணீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பான்.

"நீலம்தாம்மா" என்றார் மெக்கானிக். "விரிசலும் இருக்கு."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

தையல்கார அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டரை. ஊசி போட்ட புத்தகத்தைக் கைப்பையில் வைத்தார். அப்பாவின் கையிலிருந்த கயிற்றை, ஒரு வார்த்தை கேட்காமல், தாமே வாங்கிக்கொண்டார்.

"உங்க வீடு எங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார். "இவனுக்குத் தெரியும்."

துரை எழுந்து உடம்பைச் சிலிர்த்தது. யாருக்கோ ஏதோ இழுக்க வேண்டியிருக்கிறது என்று அதன் இரத்தத்துக்குப் புரிந்துவிட்டது. கயிறு விறைத்தது. அது சிரித்த முகத்தோடு, அந்த அம்மாவையும், அவர் பின்னால் ஒற்றைச் செருப்போடு அப்பாவையும், கழுவாத வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே மெக்கானிக்கையும் இழுத்துக்கொண்டு படியிறங்கத் தொடங்கியது.